சேலம் பக்கம் ஆற்றங்கரையில் டென்ட் போட்டுத் தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஏற்காடு பக்கம் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கு இங்கே விவரமாகப் பதில் எழுதியிருக்கிறேன். குடும்பத்தோடோ நாலைந்து நண்பர்களோடோ முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. சாகசம் தேடிப் போகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது.

சேலம் மாவட்டத்தில் எந்த ஆற்றை நம்பிப் போவது?

வருடத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு இருப்பது காவிரிதான். மேட்டூர் அணையைத் தாண்டித் தெற்கே வரும் காவிரிக்கு ஒரு கரை சேலம் மாவட்டம், மறுகரை பெரும்பாலும் ஈரோடு மாவட்டம். எடப்பாடியிலிருந்து மேற்கே போனால் பூலாம்பட்டி வரும். அங்கே கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் ஆறு அகன்று, சத்தமில்லாமல் நிற்கும். அக்கரை நெரிஞ்சிப்பேட்டை. இரண்டு ஊருக்கும் நடுவே படகு ஓடுகிறது. மேற்கே மலைத்தொடர், கரையில் தென்னந்தோப்பு, வயல். கூடாரம் போட்டு உட்கார்ந்து பார்ப்பதற்கு இந்த மாவட்டத்தில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான். இன்னும் கீழே கல்வடங்கம் பக்கம் போனால் ஆறு பாறைகளுக்கு நடுவே ஓடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறக்கும் ஆறுகளின் கதை வேறு. திருமணிமுத்தாறும் சரபங்காவும் மலையிலிருந்து இறங்கிக் காவிரியில் சேர்கின்றன. வாணியாறு அதே மலையில் பிறந்து தென்பெண்ணைக்குப் போகிறது. இவை மழை பெய்தால் ஓடும், மழை நின்றால் கொஞ்ச நாளில் இளைத்துவிடும். திருமணிமுத்தாறு மலையடிவாரத்தில் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். சேலம் நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து அதன் நிறமே மாறிவிடுகிறது. பிறந்த ஊரிலேயே ஓர் ஆற்றை இப்படி வைத்திருக்கிறோமே என்று ஒவ்வொரு முறை பாலத்தைக் கடக்கும்போதும் மனசு கஷ்டப்படும்.

கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதி இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஆணைவாரி முட்டல் வனத்துறை நடத்தும் சுற்றுலா இடம். அருவியும் படகுச் சவாரி உள்ள ஏரியும் உண்டு. பகலில் போய்வர நல்ல இடம்.

அப்படியானால் ஏற்காட்டில் ஆறே கிடையாதா?

ஏற்காட்டில் இருப்பது ஏரியும் ஓடைகளும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் சுமார் 300 அடி இறங்கிக் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரி வழியாவிட்டால் அருவியும் இல்லை. இந்த ஒரு கணக்கை வைத்தே ஏற்காட்டு ஓடைகளின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஓடைகள் சலசலக்கும். மாசி, பங்குனியில் பல ஓடைகளில் வெறும் கல்தான் இருக்கும்.

காபித் தோட்டங்களுக்குள் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஓடைக்கரைத் தங்கல்' என்று விளம்பரம் இருந்தால், போனில் பேசும்போது அந்த வாரத்தில் எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரப் படம் பெரும்பாலும் மழைக்காலத்தில் எடுத்ததாக இருக்கும்.

தண்ணீர் வேண்டுமா, குளிர் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் என்றால் காவிரி, குளிர் என்றால் ஏற்காடு. இரண்டு இரவு கிடைக்கிறவர்கள் முதல் இரவு மலையில், அடுத்த இரவு ஆற்றங்கரையில் என்று வைத்துக்கொள்ளலாம். மலையுச்சியில் சேர்வராயன் கோயில் குகையில் சேர்வராயனோடு காவிரியம்மனும் இருக்கிறாள். அந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மலையையும் ஆற்றையும் சேர்த்துக் கும்பிடுவது இந்த ஊருக்குப் பழைய வழக்கம்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்கழி பாதியிலிருந்து மாசி பாதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அணையின் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதி முன்பின்னாக மாறும். மூடிய பிறகும் குடிநீருக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். கதவணை இருப்பதால் பூலாம்பட்டிப் பகுதி உடனே வற்றிவிடாது.

ஆடி மாதம் வேண்டாம். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம் அது. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரிலும் கல்வடங்கத்திலும் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் நின்று காவிரிக்குப் பூப்போட்டு வணங்குவது அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அன்று காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் சமவெளியில் கூடாரத்துக்குள் படுக்க முடியாது, அவ்வளவு புழுக்கம். ஏற்காட்டில் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் மே மாதம் கோடை விழாவுக்கு ஊரே மலையேறி வந்திருக்கும். சாயங்காலம் திடீரென்று காற்றும் இடியுமாகக் கோடை மழை இறங்கும். அமைதிக்காகப் போகிறவர்களுக்கு அது சரியான காலமில்லை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இடம் யாருடையது என்பதைப் பொறுத்தது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது. ராத்திரி தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்துவிட்டது. சேலத்தின் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர் பாதை அதில் ஒன்று. அதெல்லாம் வழிகாட்டியோடு நடந்துவிட்டுத் திரும்புவதற்கு மட்டும்தான், வழியில் கூடாரம் போட முடியாது. காட்டுத்தீக் காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது.

ஆற்றுப் புறம்போக்கு அரசு நிலம். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நினைத்துக் கூடாரம் அடித்தால் ராத்திரி யாராவது வந்து எழுப்புவார்கள். எழுப்புவதும் நியாயம்தான்.

நல்ல வழி, கரையை ஒட்டிய பட்டா நிலத்துக்காரரிடம் கேட்பது. காவிரிக்கரையில் தோப்பும் வயலும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பகலில் போய், குடும்பத்தோடு நின்று, "ஏனுங்க, ஒரு ராத்திரி இங்க தங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "தங்கிக்குங்க, மோட்டார் பக்கம் மட்டும் புள்ளைங்கள உடாதீங்க" என்பார்கள். இல்லாவிட்டால் "வேண்டாமுங்க" என்பார்கள், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. தங்கவிட்டால் ஒரு தொகை கொடுங்கள். வாங்க மறுத்தால் வீட்டுக்கு ஏதாவது பலகாரம், பழம் கொடுங்கள். உங்கள் பெயர், எத்தனை பேர், எந்த வண்டி என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தோப்புக்காரர் சம்மதத்தால் கிடைக்கும் பெரிய லாபம் இடம் மட்டுமல்ல. அந்த ஆறு எங்கே வரை ஏறும் என்று அவருக்குத் தெரியும்.

கரையில் எந்த இடத்தில் கூடாரம் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எல்லோருக்கும் ஆசை, கூடாரத்தின் கதவைத் திறந்தால் காலடியில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படிப் போட்டவர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீரின் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று காது கொடுத்தபடியே கிடப்பார்கள். நிம்மதிக்காகத்தானே போகிறோம்? பகலில் தண்ணீருக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காருங்கள். தூங்குவது மேட்டில் இருக்கட்டும்.

மேடு எது என்று ஆறே காட்டிக்கொடுக்கும். கரையோடு நடந்து போனால் செடிகளின் அடியில் காய்ந்த சருகும் குச்சியும் பாலித்தீன் துண்டும் ஒரே உயரத்தில் சிக்கியிருப்பதைப் பார்க்கலாம். நாணல் ஒரே திசையில் சாய்ந்து, தண்டில் மண் பூசியிருக்கும். பாறையில் கீழ்ப்பாதி வெளுத்தும் மேல்பாதி கறுத்தும் ஒரு கோடு தெரியும். வேலிக்கம்பியில் வைக்கோல் தொங்கும். கடைசி வெள்ளம் வந்து தொட்ட உயரம் அது. உங்கள் கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலே, நன்றாக மேலே இருக்க வேண்டும். அப்புறம் தோப்புக்காரரிடம், "பெரிய தண்ணி வந்தப்ப எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற மரத்துக்கும் பின்னால் போடுங்கள்.

ஆற்றுக்கு நடுவில் இருக்கும் மணல் திட்டிலும் பாறையிலும் ஒருநாளும் வேண்டாம். மலை ஓடையின் படுகையிலும் வேண்டாம். உங்கள் தலைக்கு மேலே வானம் தெளிவாக நட்சத்திரமாக இருக்கும்போதே, நாலு கிலோமீட்டர் மேலே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, சத்தம் மாறினாலோ பொருளைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் ஆளை மேட்டுக்கு ஏற்றுங்கள்.

தென்னைக்கு நேர் கீழே போடாதீர்கள். தேங்காயும் மட்டையும் விழும். பட்ட கிளை உள்ள மரத்தின் அடியும் ஆகாது. இடி இடிக்கிற காலமாக இருந்தால் தனியாக நிற்கும் மரத்தடியும், மொட்டை மேடும் ஆபத்து. வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வதே நல்லது. எறும்புப் புற்று, பாம்புப் புற்று, மாடு தண்ணீருக்கு இறங்கும் தடம் இவற்றையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இதையெல்லாம் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். அதனால் மாலை 4 மணிக்குள் இடத்தில் இருக்கப் பாருங்கள். இருட்டில் போய் இறங்கினால் மேடு பள்ளம் தெரியாது, யாரைக் கேட்பதென்றும் தெரியாது.

மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் என்ன ஆகும்?

கீழே ஆறு ஏறும், வேகமும் கூடும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் வெளியேறியதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுப்பார்கள், பூலாம்பட்டிப் படகையும் நிறுத்திவிடுவார்கள். படகு ஓடவில்லை என்றால் நீங்களும் தங்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கணக்கே தேவையில்லை.

வெள்ளம் இல்லாத நாளிலும் கதவணைகளின் மதகை ஏற்றி இறக்குவதால் மட்டம் மாறும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. அவை மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியவை, நம் வசதிக்காக மட்டத்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். கிளம்பும் அன்று காலையில் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் செய்தியில் வரும். நீர்வரத்து மளமளவென்று கூடுகிறது என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

எந்த மாதிரி டென்ட் வாங்குவது?

நாலு பேர் போகிறீர்கள் என்றால் ஆறு பேர் படுக்கும் அளவு வாங்குங்கள். கடையில் சொல்லும் எண்ணிக்கை, ஆட்களை நெருக்கி அடுக்கிப் போட்ட கணக்கு. இரண்டு அடுக்கு உள்ளதாக, உள்ளே கொசுவலைத் துணியும் மேலே தனி மழைவிரிப்பும் இருப்பதாகப் பாருங்கள். ஆற்றங்கரையில் விடியற்காலை பனி ஈரம் அதிகம். ஓரடுக்குக் கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரமே உள்சுவரில் பட்டுத் துளித்துளியாக முகத்தில் சொட்டும். இரண்டடுக்கில் அந்த ஈரம் வெளி அடுக்கோடு நின்றுவிடும். அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய் கட்டாயம். அது கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் தேக்கும். ஆற்று மணலில் கூடாரத்தோடு வரும் சின்ன முளைகள் நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள்.

ஒரு தடவை மட்டும் போய்ப் பார்க்க நினைக்கிறவர்கள் வாங்கவே வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும்.

ராத்திரி குளிருமா?

காவிரிக்கரையில் மார்கழியில்கூட ஒரு கம்பளி போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் சில இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அதனால் போர்வையை இரட்டிப்பாக்குவதற்கு முன்னால் அடியில் ஒரு ஃபோம் மேட்டோ ஜமுக்காளமோ போடுங்கள். குழந்தைகளுக்குக் குல்லாயும் காலுறையும்.

சாப்பாடு என்ன கொண்டுபோகலாம்?

ராத்திரிக்குக் கட்டுச்சோறு. புளிசாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். போன இடத்தில் அடுப்பு மூட்டி மூன்று வகை சமைக்கத் திட்டம் போட்டால், சமைக்கிறவர் ஆற்றைப் பார்க்கவே மாட்டார். அது பெரும்பாலும் வீட்டில் சமைக்கிற அதே ஆளாகத்தான் இருக்கும். அவருக்கும் ஒரு நாள் லீவு வேண்டுமே. மேட்டூர், பூலாம்பட்டிப் பக்கம் போனால் மீன் வறுவல் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துக் கொடுப்பார்கள். சேலத்திலிருந்து கிளம்பும்போது தட்டுவடையைத் தனியாகவும், துருவிய பீட்ரூட், கேரட், சட்னியைத் தனித்தனி டப்பாவிலும் வாங்கிக்கொண்டால் சாயங்காலம் ஆற்றங்கரையில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே இவற்றை வைத்து, சேலத்துச் 'செட்' போட்டுச் சாப்பிடலாம்.

காலையில் காபிக்கு மட்டும் சின்ன கேஸ் அடுப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏற்காட்டில் காபிப் பயிர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இருக்கிறது. அந்த மலையின் கொட்டையை வறுத்து அரைத்து வாங்கி வாருங்கள். முந்தின ராத்திரியே ஃபில்டரில் பொடியை லேசாக அழுத்தி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, கூடாரத்தின் மூலையில் வைத்துவிடுங்கள். விடிவதற்குள் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கெட்டியாக நிற்கும். பாலைக் காய்ச்சிக் கலந்தால் போதும். பால் ராத்திரி முழுக்கத் தாங்காது. விடியற்காலையில் தோப்புக்காரர் வீட்டிலோ பக்கத்து ஊரிலோ கறந்த பால் கிடைக்குமா என்று முன்னாடியே கேட்டு வையுங்கள்.

ஏற்காட்டில் சோறு வடிக்க நினைத்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும். சின்ன குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தீ மூட்டி உட்காரலாமா?

நிலத்துக்காரர் சம்மதித்தால், மணலில் சின்னதாக. காய்ந்த புல்லும் சருகும் இல்லாத இடத்தில், ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்தால் சூடில்லாமல் இருக்க வேண்டும். மலையில் தை பிறந்து புல் காய்ந்த பிறகு வேண்டவே வேண்டாம்.

குளிருகிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோங்கள். சமையலையும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள், மாடு இறங்கியிருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது.

குளிக்கலாமா, நீந்தலாமா?

உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், முழங்கால் ஆழத்தில். காவிரி மேலே அமைதியாகத் தெரியும். அடியில் சுழலும் மணல் அள்ளிய பள்ளமும் இருக்கும், ஓரடி தள்ளி வைத்தால் ஆளை மூடிவிடும். நீச்சல் தெரியும் என்கிற தைரியம்தான் பலரைக் கொண்டுபோகிறது. பாறையில் பாசி வழுக்கும். காவிரியில் முதலையும் உண்டு, எங்கே என்று மீனவர்களுக்குத் தெரியும், கேளுங்கள். இருட்டியபின் யாரும் இறங்கக் கூடாது. குடித்தவர் பகலிலும் இறங்கக் கூடாது. பரிசலிலும் படகிலும் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், குழந்தைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பாம்பு, காட்டெருமை, பூச்சி பயமாக இருக்கிறதே?

பயம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. ஜிப் போட்ட கூடாரத்துக்குள் படுப்பதே இதற்கு நல்ல பாதுகாப்பு. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஜிப்பை முழுக்க மூடுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள், டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். சாப்பாட்டு மிச்சம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை வரும். அதன் இடத்தில்தான் நாம் இருக்கிறோம். பக்கத்தில் போய்ப் படம் எடுக்காமல், கத்தாமல் பின்வாங்கினால் அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும். குரங்குதான் அதிகத் தொல்லை. தின்பண்டத்தைக் கூடாரத்தில் வைத்தால் துணியைக் கிழித்துவிடும். வண்டிக்குள் பூட்டி வையுங்கள்.

புதர்ப் புல்லில் படுத்துப் புரண்டவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, வெளியே தங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு சொன்னால் எளிதாகக் குணமாகும்.

கழிவறைக்கு என்ன செய்வது? பெண்கள் வரலாமா?

பெண்கள் தாராளமாக வரலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆண்கள் 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவதால் பல வீட்டில் பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தோப்புக்காரர் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தலாமா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கிடைக்கும் மறைப்புக் கூடாரம் ஒன்று எடுத்துப்போங்கள். ஆற்றிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாகக் குழி தோண்டி, முடிந்ததும் மண் போட்டு மூட வேண்டும். நாப்கின், டயப்பர், ஈரத்தாள் எதையும் புதைக்காமல் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

சோப்பு போட்டுப் பாத்திரம் கழுவுவதும் ஆற்றுக்குள் கூடாது. தண்ணீரை மொண்டு வந்து மேட்டில் கழுவுங்கள்.

ஸ்பீக்கர் எடுத்துப் போகலாமா?

வேண்டாம். தண்ணீரின் மேல் சத்தம் வெகுதூரம் போகும். அக்கரையில் ஒருவர் விடியற்காலை 3 மணிக்கு வலை இழுக்க எழுந்திருக்க வேண்டியவராக இருப்பார்.

பொழுது எப்படிப் போகும்? குழந்தைகள் சலித்துக்கொள்ள மாட்டார்களா?

முதல் ஒரு மணி நேரம் சலித்துக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்களே கல் பொறுக்கவும் மணலில் வாய்க்கால் வெட்டவும் ஆரம்பித்துவிடுவார்கள். சேர்வராயன் மலையின் கற்களைக் காட்டிக் கதை சொல்லலாம். அந்த மலை சார்னோகைட் என்கிற மிகப் பழைய பாறை. இந்தியத் தொல்பழங்காலத்தை ஆராய்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். சென்னை பல்லாவரத்தில் 1863இல் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்தவர் அவர். இதைக் கேட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரு கல்லையும் சும்மா விடமாட்டார்கள்.

சாயங்காலம் நீர்க்காகம் சிறகை விரித்துப் பாறையில் உலர்த்திக்கொண்டு நிற்கும். மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும். கொக்குகள் கூட்டமாக மேலே திரும்பும். அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஆற்றில் நிலவு. கார்த்திகை மாதமாக இருந்தால் இருட்டியதும் கிழக்கே கார்த்திகை மீன்கூட்டம் ஏறிவரும். ஆறு எண்ணுகிறார்களா, ஏழு எண்ணுகிறார்களா என்று பாட்டியையும் பேரனையும் போட்டி போட விடுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகத் தயங்க வேண்டாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி, வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம், வேளை தவறாமல் மாத்திரை. அவ்வளவுதான்.

எப்படிப் போவது?

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கும் எடப்பாடிக்கும் பஸ் உண்டு. எடப்பாடியில் மாறிப் பூலாம்பட்டி போகலாம். ஏற்காட்டுக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வாருங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது.

குப்பையை எங்கே போடுவது?

எங்கேயும் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துப்போனால் பாதிக் குப்பை பிறக்கவே பிறக்காது. கண்ணாடி பாட்டில் ஆற்று மணலில் உடைந்தால், வருடக்கணக்காக அங்கே கால் வைக்கிற குழந்தைகளின் பாதத்தைக் கிழிக்கும்.

திரும்பி வந்ததும் கூடாரத்தை அப்படியே மடித்து வைக்கலாமா?

கூடாது. அன்றைக்கே மொட்டை மாடியில் விரித்துவிடுங்கள். சேலத்து வெயிலில் உச்சிப்பொழுது முழுக்கப் போட்டால் துணியின் பூச்சு கெடும், நிழல் விழுகிற கொடியில் காயவைப்பது நல்லது. ஈரத்தோடு மடித்தால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்து, அந்த வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஜிப்பில் மணல் இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள், மெழுகுவர்த்தித் துண்டை லேசாகத் தேய்த்தால் ஜிப் சுலபமாக ஓடும். முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள். ஒன்று குறைந்தால் கடையில் தனியாகவே கிடைக்கும்.